காதுக்குப் பின்னால ரெண்டு தட்டு

சன்னலோரம் நீங்களே உக்காருங்க அம்மிணி, எனக்குக் காத்து ஆகாது. முன்னால எத்தன சீட்டுக் காலியாக் கெடக்குது, இருந்தும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தது ஒரு காரியமாத்தானுங்க. திருப்பூர் ஸ்டாண்டுல ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன பொம்பளகிட்ட நீங்க கையாலயே பேசிட்டு இருந்தீங்க. நடுவுல லாரி போகுது, பஸ்சுக்காரன் ஹாரன் அடிக்கறான், நீங்க ரெண்டு பேரும் வாயே தொறக்காம ஊட்டு நாயம் பூராப் பேசி முடிச்சுட்டீங்க. அதப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். இத பாருங்க. ஆள்காட்டி விரல மடக்கி, காதுக்குப் பின்னால இப்படி ரெண்டு தட்டு. அவ்வளவுதான். இதுக்கு என்னங்க அர்த்தம்?

தறி ஓட்டறவங்களா நீங்க, வெள்ளகோயில் பக்கம்? அட, நான் காது கேக்காதவங்க பாஷையப் படிச்சவங்கன்னு நெனச்சுட்டேன். தறிக் குடோன்ல காதுக்குள்ள கத்துனாலும் கேக்காது, அதனால எல்லாருக்கும் கை பேசும்னு சொல்லுங்க. சரி, அதுவும் கைதானே. என்னது, யாரு காட்டுனாங்க, எப்பக் காட்டுனாங்கன்னு முழுசாச் சொன்னாத்தான் சொல்லுவீங்களா? நல்லா இருக்குதுங்க. ஆகட்டும். வெள்ளகோயில் போயிச் சேர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன். யார்கிட்டயாச்சும் சொல்லாட்டி எனக்கும் நெஞ்சு வெடிச்சுரும். இருவத்திரண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல.

வெள்ளகோயில்ல ஒரு புள்ள இருக்குதுங்க. பதினேழு வயசு. காதுல மெஷின் மாட்டுனாத்தான் கேக்கும். அதக் கழட்டி வெச்சுட்டு இருவத்திரண்டு நாளா மூலைல உக்காந்திருக்குது. ஒரு வார்த்த பேசல. அத மறுபடியும் மாட்ட வெக்கத்தான் போறேன். கழட்டச் சொன்னது யாருன்னு கேட்டா, அம்மாங்குது. அம்மா இப்படி ரெண்டு தட்டுத் தட்டிச் சொன்னாளாம். அம்மா சொன்னதுக்கு அர்த்தம் சொன்னது யாருன்னு கேட்டா, நான். அதனாலதானுங்க கேக்கறேன். நான் சொன்ன அர்த்தம் சரிதானான்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்.

நான் யாருன்னு சொல்லீர்றேன். என்ற பேரு ருக்குமணி. காது கேக்காத கொழந்தைகளுக்கு உதவி பண்ற ட்ரஸ்ட்டு ஒண்ணுல பதினெட்டு வருசமா இருக்கறேன். ஆபரேசனக் கவர்மெண்ட்டே பண்ணிக் குடுத்துருது. தலைக்குள்ள ஒண்ண வெச்சுத் தெச்சுருவாங்க. வெளிய காதுக்குப் பின்னால ஒரு மெஷின், அதுலிருந்து ஒரு ஒயரு, ஒயரு நுனியில தலைல ஒட்டிக்கற காந்த வில்லை. ஆபரேசனோட கதை முடிஞ்சுதுன்னு சனங்க நெனச்சுக்கறாங்க. அங்கதானுங்க கதையே ஆரம்பிக்குது. வேர்வைல ஒயரு போகும். புள்ள மெஷினத் தூக்கித் தண்ணி வாளில போடும். பேட்டரி தீந்து போயி, அப்பங்காரன் மெஷினத் துணியில சுத்திச் சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருப்பான். அந்த ஊடுகளுக்கெல்லாம் ஒயரும் பேட்டரியும் தூக்கிட்டுப் போறவ நானு. கொழந்தைகளப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறது, கொண்டாந்து உடறது, அம்மாக்காரிகளத் திட்டறது எல்லாம் நானு. நூத்துச் சொச்சம் கொழந்தைக என்ற கண்ணு முன்னால அம்மான்னு பேசியிருக்குதுக. பெருமைக்குச் சொல்லலீங்க. சரி, பெருமைக்குந்தான்.

பேரு மட்டும் கேக்காதீங்க. எந்த ஊட்டுப் பேரையும் வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்க ட்ரஸ்ட்டுல சட்டம். பேரு விசயத்துல நான் நொம்பக் கறாரு.

அந்தப் புள்ளையோட அம்மா பொறவியிலயே காது கேக்காதவ. பேச்சும் இல்ல. பள்ளிக்கோடம் போனதில்ல, எழுதத் தெரியாது. உங்களாட்டத் தறிதான், உங்கூர்ப் பக்கம்தான். அப்பனுக்குக் காது கேக்கும், ஆனா லாரி டிரைவரு, மாசத்துல நாலு நாளுதான் ஊட்டுல தங்குவான். புள்ளையும் அம்மாளாட்டவே பொறந்துருச்சு. மூணு வயசுல ஆபரேசன். மெஷின மொதல் மொதலா ஆன் பண்ணுன அன்னிக்கு நானும் கூட நின்னேன். பொத்தான அமுக்குனதும் புள்ள வீல்னு அழுதுச்சு. அந்த அழுகச் சத்தம் அம்மாக்காரிக்கு எங்க கேக்குது? புள்ள மூஞ்சியப் பாத்துத்தான், கேட்டுருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா. அப்படியே ஆஸ்பத்திரித் தரையில விழுந்து கும்புட்டா. டாக்டர் கால்ல, என்ற கால்ல, மெஷின் வெச்சிருந்த மேசைக் கால்லகூட.

அன்னிக்கே மொதல் சட்டத்தச் சொல்லீட்டேன். ஊட்டுல யாரும் கையால பேசக்கூடாது. புள்ளைக்கு ரெண்டு வழி இருந்தாச் சுலுவான வழியிலதானே போகும்? கை பேசுனாக் காது தூங்கிரும். இது என்ற சொந்தச் சரக்கு இல்லீங்க, அப்ப எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான். பேசும்போது வாயக்கூடப் பொத்திக்கோணும். ஒதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கக் கூடாது, காதாலதான் புரிஞ்சுக்கோணும். அப்பனோட அக்கா பூங்கொடி திருப்பூர்ல இருந்து வந்து மாசக் கணக்குல தங்குச்சு. காலைல எந்திரிச்சதும் வாயப் பொத்திக்கிட்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ்னு ஆறு சத்தம் சொல்லும். ஒவ்வொரு சத்தம் கேக்கறப்பவும் புள்ள கிண்ணத்துல ஒரு பாசிமணி போடோணும்.

இந்தச் சட்டத்த அம்மாக்காரிக்கு எப்படிச் சொல்றது? கைய ஆட்டாதன்னு அவகிட்டக் கைய ஆட்டித்தானே சொல்லோணும். ரெண்டு உள்ளங்கையையும் கவுத்து, இப்படிக் கீழ அமுக்குவேன். கீழ போடு. கைய ஆட்டாத. அவ நல்ல பொம்பளைங்க, இல்லைங்கல. சொன்னாக் கேப்பா. நான் வாசப்படியில காலு வெச்சதும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில குடுத்து அதுமேல உக்காந்துக்குவா. புள்ள மடியில ஏறும், மூஞ்சியப் புடிச்சுத் திருப்பும், அவ கைய எடுக்கவே மாட்டா. என்னையத்தான் பாப்பா. நானும் சபாஷ்னு தலையாட்டுவேன். எனக்குச் சந்தோசமா இருக்கும், சட்டம் நடக்குதுன்னு.

அந்த உக்காந்த கோலம் இருக்குது பாருங்க, அது இப்ப என்னைய உட மாட்டீங்குது. நான் வேற ஊட்டுக்குப் போனாலும் அங்க கட்டல்ல அவ உக்காந்திருக்கா. பேங்குல, ரேசன் கடைல, எங்க நாலு பொம்பளைக உக்காந்திருந்தாலும் மொதல்ல நான் அவங்க கை எங்க இருக்குதுன்னுதான் பாக்கறேன். பயமா இருக்குதுங்க. செத்தவளுக்குப் பயப்படற ஆளில்ல நானு, இதுக்குப் பயமா இருக்குது.

கேளுங்க. புள்ளைக்கு அஞ்சு வயசு. ஒரு ஞாயித்துக்கெழம நான் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டேன். கதவு தொறந்திருந்துச்சு. புள்ள அந்தப் பக்கம் திரும்பி வெளையாடிட்டு இருக்குது. அம்மாக்காரி தரையில காலத் தட்டுனா. தரை அதுருமல்ல, புள்ள திரும்புச்சு. உடனே இவ விரல மடக்கி, காதுக்குப் பின்னால ரெண்டு தட்டு. புள்ளையும் சிரிச்சுட்டே தன்ற காதுக்குப் பின்னால கையக் கொண்டு போச்சு, காந்த வில்லை கழண்டு தொங்குச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துருச்சு. எங்களுக்கு முன்னால கைமேல உக்காந்துக்கறது, நாங்க போனதும் மெஷினக் கழட்டச் சொல்லிப் புள்ளகிட்டக் கைப்பேச்சுப் பேசறது! எங்க ட்ரஸ்ட்டுப் பாரத்துல எழுதீட்டேன். 'தாய் கருவியைக் கழற்றும்படி சைகை செய்கிறார்.' கண்ணால பாத்தனுங்க. கண்ணால பாத்ததுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அதுக்கப்புறம் புள்ளையத் திருப்பூருக்கு, அத்தைக்காரி ஊட்டுக்கே மாத்தியாச்சு. நான்தான் ரோசன சொன்னேன். பேச்சு இருக்கற ஊட்டுல வளந்தாத்தான் பேச்சு வரும்னு சொன்னதும் அப்பனும் சரின்னுட்டான். அம்மாக்காரி பஸ்சு வரைக்கும் வந்தா. அழுகல. பஸ்சு கெளம்பறப்போ சன்னலப் பாத்துக் காதுக்குப் பின்னால தட்டுனா. ஓடி வந்துட்டே தட்டுனா. நான் பூங்கொடிகிட்டச் சொன்னேன், பாரு, போறப்பக்கூடக் கழட்டுங்கறான்னு. நாங்க ரெண்டு பேரும் வருத்தமாத் தலையாட்டிக்கிட்டோம்.

ஆனாப் புள்ள பேசுச்சுங்க. அதச் சொல்லோணுமில்ல. ஆறு வயசுல கத சொல்லுச்சு. ஏழாவதுல பேச்சுப் போட்டில பரிசு. எங்க ஆண்டு விழாவுல மேடையேறி, மைக்கப் புடிச்சு, ஒரு பிசிறு இல்லாம நன்றியுரை சொல்லும். கண்ணு கலங்காத ஆளே இருக்காது. அம்மாக்காரியும் வந்து மொத வரிசைல கைமேல உக்காந்திருப்பா. பிரணிதான்னு பேரக் கூப்புட்டதும் எல்லாருங் கை தட்டுவாங்க. இவ பக்கத்துல இருக்கறவங்களப் பாத்துட்டு லேட்டாத் தட்டுவா... அட, பேரச் சொல்லீட்டனுங்களா? சொன்னாச் சொன்னதுதான், போச்சாது. அது அத்தைக்காரி வெச்ச பேரு. அம்மாக்காரி வாயில அது எப்படி வரும்?

புள்ளைக்கு எட்டொம்பது வயசு இருக்கறப்ப என்கிட்டக் கேட்டுச்சு. அம்மா ஏன் எப்பப் பாத்தாலும் இப்படியே காட்டுதுன்னு. அதுக்குள்ள அதுக்குக் கைப்பேச்சு பூரா மறந்துருச்சு. நாங்க மறக்கடிச்சதுதானே. நான் பொய் சொல்லலீங்க. 'கழட்டுன்னு சொல்றா கண்ணு. உன்ற மெஷின் அவளுக்குப் புடிக்காது, அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், நீ மனசுல வெச்சுக்காத'ன்னேன். அப்புறம் புள்ள லீவுக்கு வெள்ளகோயில் போறதக் கொறச்சுக்கிச்சு. போனாலும் ஒரு நாளு, ரெண்டு நாளு. படிப்பு இருக்குது, அதுவும் நல்லதுக்குத்தான்னு நான் உட்டுட்டேன்.

போன மாசம் அம்மாக்காரிக்கு மஞ்சக்காமால முத்திப் போச்சு. ஆஸ்பத்திரில சேத்தாங்க. நாள் இல்லைன்னுட்டாங்க. நானும் புள்ளையும் போனோம். மூக்குல கொழாய், ஒரு கையில ஊசி குத்தி அட்டையோட சேத்துக் கட்டியிருந்தாங்க. இன்னொரு கை சும்மா இருந்துச்சு. புள்ளையப் பாத்தா. அந்தக் கைய எடுத்தா. எடுக்கவே எத்தன நேரமாச்சுங்க! காதுக்குப் பின்னால ரெண்டு தட்டு. புள்ள என்னையத் திரும்பிப் பாத்துச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இருந்தாலும் கேட்டுச்சு.

"அக்கா, அம்மா என்ன சொல்றாங்க?"

"கழட்டச் சொல்றா கண்ணு. கடைசி ஆசை. ஒரு நிமிசம் கழட்டிரு, அவ மனசு ஆறட்டும்."

பெருந்தன்மையாச் சொல்றதா எனக்கு நெனப்பு. புள்ள மெஷினக் கழட்டிக் கையில வெச்சுக்கிச்சு. அவ அந்தக் கையப் பாத்தா. கண்ணுல இருந்து தண்ணியா ஊத்துது. நெனச்சது நடந்துருச்சுன்னு அழுகறாளாட்ட இருக்குதுன்னு நானும் அழுதேன். ஆனா அம்மிணி, அவ நிறுத்தலீங்க. மறுபடியும் காதுக்குப் பின்னால தட்டுனா. மறுபடியும் தட்டுனா. கழட்டியாச்சு, கையில இருக்குது, அவளே பாத்தா. அப்புறமும் எதுக்குத் தட்டோணும்? கை எழும்பாதப்போ விரல் மட்டும் போர்வைமேல தட்டுச்சு. அப்படியே நின்னு போச்சு.

எழவுக்கு வெள்ளகோயில் வந்த புள்ள மெஷின் போடல, திருப்பூருக்கும் திரும்பல. பதினாறாம் நாளும் போடல. பூங்கொடி போன் பண்ணி அழுகுது, பரீட்சைக்குப் படிக்க மாட்டீங்குது, சோத்த வெச்சாத் திரும்பிக்குதுன்னு. நான் போன்ல எழுதி அனுப்புனேன், ஒரு நிமிசத்துக்குத்தானே சாமி கழட்டச் சொன்னேன், மாட்டிக்கன்னு. பதில் வந்துச்சு. 'பன்னெண்டு வருசம் நீங்க சொன்னதக் கேட்டேன். இனி அம்மா சொன்னதக் கேக்கறேன்.' அவ்வளவுதான். காதையும் கழட்டி வெச்சுட்டு, கேக்கறேன்னு எழுதுது பாருங்க.

இப்பத் தலை சீவறப்போ என்ற கை தானாக் காதுக்குப் பின்னால போகுதுங்க. போனதும் அப்படியே நின்னுக்குது. கழட்டியாச்சேடி, இன்னும் என்னடி உனக்கு வேணும்னு கண்ணாடியப் பாத்துச் சத்தம் போடறேன். என்ற ஊட்டுக்காரரு டாக்டர்கிட்டக் காட்டலாம்ங்கறாரு. டாக்டருக்கு என்ன தெரியும்? கையத் தெரிஞ்ச ஆளல்ல வேணும். நல்லது செய்யப் போயித்தானுங்க நான் இதுல மாட்டுனேன். பதினெட்டு வருசத்துல ஒரு கொழந்தைக்கு நான் கெடுதல் நெனச்சதில்ல. அதையும் எழுதி வெச்சுக்கங்க.

என்னங்க அம்மிணி, நீங்க ஏன் அழுகறீங்க?

மரகதமா? ஆமா... அம்மாக்காரி பேர நான் சொல்லவே இல்லியே. உங்களுக்கு எப்படி? ஒரே குடோனா? பக்கத்துப் பக்கத்துத் தறியா? பதினாறு வருசமாவா? அப்ப நான் தட்டிக் காட்டுனதுமே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுட்டேதான் இத்தன நேரம் என்னையப் பேச உட்டீங்களா? சரி, அது இருக்கட்டும். சொல்லுங்க. கழட்டுன்னுதானே?

பேரா?

யாரு பேரு? புள்ள பேரா?

மெதுவாச் சொல்லுங்க அம்மிணி, இந்த பஸ்சு சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டீங்குது. புள்ளைக்கு மெஷின் வெக்கறதுக்கு முன்னால, அது பேரச் சொல்லக் கன்னத்துல விரல் குத்திக் காட்டுவாளா? ஆமா, குழி விழும் அந்தப் புள்ளைக்கு. மெஷின் மாட்டுன மறுநாளு கல்கண்டு வாங்கிட்டு வந்து குடோன் பூராக் குடுத்தாளா? ஒவ்வொரு தறிக்கும் போயி நின்னு, கன்னத்துல குத்தி, அது இல்லைன்னு கைய ஆட்டி, இனிமே இதுன்னு காதுக்குப் பின்னால தட்டிக் காட்டுனாளா? எம்புள்ள பேரு இனிமே இதுன்னா? பெருமைக்கு வெச்ச பேருங்கறீங்க. மெஷின் வெச்ச புள்ளைன்னு. உங்க மொதலாளிக்குத் தெரியும், டீக் கொண்டு வர்ற ஆளுக்குத் தெரியும். வந்து உக்காந்து பாரம் எழுதுன எனக்குத் தெரியல.

அப்ப அந்த ஞாயித்துக்கெழம... கூப்புட்டிருக்கா. புள்ளையும் நானா, என்னையவான்னு தன்ற காதத் தொட்டிருக்குது. பஸ்சுக்குப் பின்னால பேரச் சொல்லிட்டே ஓடி வந்திருக்கா. ஆஸ்பத்திரில... ஐயோ சாமி. சாகறவ பெத்த புள்ளையப் பேரு சொல்லிக் கூப்புடறா, புள்ள மெஷினக் கழட்டிக் கையில வெச்சுட்டு நிக்குது. மறுபடியுங் கூப்புடறா. நான் பக்கத்துல நின்னு கண்ணத் தொடச்சுட்டு இருக்கறேன்.

இல்ல, தண்ணி வேண்டாங்க. இன்னொண்ணு சொல்றதா வேண்டாமாங்கறீங்க. சொல்லீருங்க. எனக்கும் பேரு வெச்சிருந்தாளா? நான் ஊருக்கு வர்றது தெரிஞ்சா குடோன்ல ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்குவீங்களா? எப்படி?

ரெண்டு கையையும் கவுத்து, கீழ அமுக்கி. ஓ. அதுவா.

நொம்பச் சரியாத்தான் வெச்சிருக்கா.

ஊர் வந்துருச்சு. எறங்கோணும். எறங்கிப் போயி என்னத்தச் சொல்லுவேன்? கதவத் தட்டுனா அந்தப் புள்ளைக்குக் கேக்காது. எழுதிக் காட்டலாம், உன்ற பேரு இதுதான்னு. பேர எழுதிக் காட்டறதுக்கு அதென்ன மருந்துச் சீட்டுங்களா? கூப்புட்டாத்தானே பேரு? மூணு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் அந்தப் பேருக்குத்தான் அவ திரும்பியிருக்கா. உள்ள எங்கியாச்சும் கெடக்குமல்லங்க? கெடக்கோணும். ஆனா நான் போயி அவ முன்னால நின்னு ரெண்டு தட்டுத் தட்டுனா, கழட்டியாச்சே, இன்னும் என்னன்னுதான் என்னையப் பாப்பா. அந்தப் பார்வைய என்னால பாக்க முடியாது.

அம்மிணி, உங்க ஊடு எந்தப் பக்கமோ, ஊட்டுல என்ன வேலை கெடக்குதோ, எனக்குத் தெரியாது. கையெடுத்துக் கும்புடறேன், ஒரு நடை எங்கூட வாங்க. நீங்க கூப்புட்டா அது பேரு. நான் கூப்புட்டா அது இன்னமும் கழட்டுதானுங்க.